தகரத்தில் போட்ட துளை

அண்ணனுடைய காரில் முன் ஆசனத்தில் உட்கார்ந்திருப்பதுதான் யுத்த வருடங்களில் எனக்கு வாய்த்த உத்தியோகம். ஆண்கள் மட்டும் வரும் வாகனம் என்றால் சோதனைச் சாவடியில் ஆசனத்தைக் கழற்றிப் பார்ப்பார்கள். ஆட்களையும் ஒரு பக்கமாக உட்கார வைத்துவிடுவார்கள். உள்ளே ஒரு பெண் இருந்தால் அந்தக் கெடுபிடி கொஞ்சம் தணியும். அதனால் எங்கள் பக்கத்துக் கார்கள் மாற்றிப் போடும் மேலதிகச் சில்லு இல்லாமல்கூட வாவியைக் கடந்து போகும், ஒரு பெண் இல்லாமல் போகாது. அண்ணனின் மனைவிக்குக் கைக்குழந்தை இருந்தது. எனக்குக் கல்யாணமாகிச் சில வருடமாகியும் பிள்ளை இல்லை. ஆக, நான் வசதியாகப் போய்விட்டேன். என்னிடம் யாரும் கேட்டு இதைத் தீர்மானிக்கவில்லை.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, கொக்கட்டிச்சோலைக்கும் அப்பால், வயல்களுக்கு நடுவே இருந்தது எங்கள் ஊர். வாவிக்குக் கிழக்கே பட்டணம், பெரியாஸ்பத்திரி, கடைத்தெரு, அரசாங்கம். மேற்கே வேறு அதிகாரம். நடுவில் தண்ணீர். அந்தத் தண்ணீரைக் கடக்க மண்முனைத் துறையில் ஒரு மிதவை ஓடியது. நாங்கள் அதைப் பாதை என்போம். காரும் மாட்டு வண்டியும் சைக்கிளும் சனமும் ஒன்றாக ஏறி நிற்க, அது ஆடி அசைந்து அக்கரை போகும். பொழுது படுவதற்கு முன்னமே கடைசிப் பாதை போய்விடும். அதற்குப் பிறகு யாருக்கு என்ன நடந்தாலும் விடியும்வரை இந்தக் கரையில்தான் கிடக்க வேண்டும்.

மேற்குக் கரைக்குப் பெற்றோல் கொண்டுவரத் தடை. பற்றரி கொண்டுவரத் தடை. கார்ச் சாமான் எதுவும் வராது. மண்ணெண்ணெய் மட்டும் கொஞ்சமாக வரும். எனவே எங்கள் பக்கத்துக் கார்கள் மண்ணெண்ணெய் குடிக்கப் பழகிக்கொண்டன. சோடாப் போத்தலில் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் பெற்றோலில் சில துளிகளைக் காபரேட்டரில் விட்டு எஞ்சினைக் கிளப்புவார்கள். அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னால் வெள்ளைப் புகை கிளம்பும். அண்ணனின் கார் ஒழுங்கைக்குள் திரும்பினால் ஊருக்கே குப்பிவிளக்கு மணக்கும். என் சேலைகள் எல்லாவற்றிலும் அந்த மணம் இருந்தது. எவ்வளவு அலசினாலும் போகாது.

மண்ணெண்ணெய்க்கு ஒரு பிடிவாதம் உண்டு. எஞ்சின் நல்ல சூட்டில் இருந்தால்தான் அது ஆவியாகி ஒழுங்காக எரியும். கொஞ்சம் குளிர்ந்தாலும் கார் இருமத் தொடங்கும், ஏற்றத்தில் நின்றுவிடும். எரியாத எண்ணெய் கீழே வடிந்து எஞ்சின் ஒயிலையும் தண்ணீராக்கிவிடும். அண்ணனின் காரோ எப்போதும் குளிர்ந்தே கிடந்தது. அதற்குக் காரணம் எங்கள் பக்கத்து மெக்கானிக்மாரின் ஒரு பழக்கம்.

எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீர் அதன் சூட்டை வாங்கிக்கொண்டு முன்னால் இருக்கும் ரேடியேற்றருக்குப் போகும். அங்கே காற்றுப் பட்டு ஆறித் திரும்பவும் எஞ்சினுக்கு வரும். அந்த வழியில் தெர்மோஸ்டற் என்று ஒரு சின்ன வாசல் இருக்கும். எஞ்சின் சூடேறும்வரை வாசலைப் பூட்டி வைத்திருந்து, சூடேறியதும் தானாகத் திறந்துவிடுவது அதன் வேலை. எங்கள் மெக்கானிக்மார் கையில் எந்தக் கார் கிடைத்தாலும் முதல் வேலையாக அதைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். "இது குளிர்நாட்டுக்காரனுக்கு. நம்மட வெயிலுக்கு இது என்னத்துக்கு?" என்று ஒரு நியாயமும் சொல்வார்கள். அண்ணனும் கார் வாங்கிய கையோடு அதைக் கழற்றிவிட்டார். பெற்றோல் கிடைத்த காலத்தில் அதனால் ஒரு குறையும் தெரியவில்லை. மண்ணெண்ணெய்க்கு மாறிய பிறகுதான் தண்ணீர் தடையில்லாமல் ஓடி ஓடி எஞ்சினைச் சூடேறவே விடவில்லை என்று தெரிந்தது. அப்போது புதிதாக ஒன்று வாங்கலாம் என்றால் பாதை கடந்து வராது. பித்தளையும் ஸ்பிரிங்கும் சேர்ந்த எந்தச் சாமானைக் கண்டாலும் சாவடியில் இருப்பவர்களுக்குக் குண்டு ஞாபகந்தான் வரும்.

அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தார். பால்ரின்னின் தகர மூடியை வட்டமாக வெட்டி, நடுவில் ஆணியால் குத்தி, அரத்தால் ராவி, ஒரு துளை போட்டார். தெர்மோஸ்டற் இருந்த இடத்தில் அந்தத் தகரத்தை வைத்துப் பூட்டினார். இனித் தண்ணீர் அந்தத் துளையால் மட்டுந்தான் போக வேண்டும். ஓட்டம் குறைந்தது, எஞ்சின் சூடேறியது, புகை பாதியாய்க் குறைந்தது. அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பொனற்றைத் திறந்து காட்டினார். உள்ளே பூட்டிய தகரம் வெளியே தெரியாது. ஆனாலும் வந்தவர்கள் எட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

தலையாட்டாதவர் ஒரே ஒருவர், என் கணவர். அவர் எங்கள் மாமியின் மகன். உன்னிச்சைக் குளத்தடியில் பிறந்து வளர்ந்தவர். எங்கள் ஊருக்கு மாப்பிள்ளையாக வந்த பிறகு ஊரவர்கள் அவரை வட்டவிதானையாக்கினார்கள். வட்டை என்கிற வயல்வெளி முழுவதற்கும் தண்ணீரைப் பங்கிட்டு விடுவதும், வேலி பார்ப்பதும், பங்கு போதாது என்று மண்வெட்டியோடு வருகிறவனைச் சமாதானப்படுத்துவதும் அந்த வேலை. தண்ணீர் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று அவர் நினைத்தார். கார் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று அண்ணன் நினைத்தார். இரண்டு பேரும் ஒரே வயது. சின்ன வயதிலிருந்தே எதற்கெடுத்தாலும் கொழுவிக்கொள்வார்கள். அந்தத் தகரம் அவர்களுக்கு வாய்ப்பாகக் கிடைத்தது.

"தண்ணி கடுகதியில ஓடினா ரேடியேற்றருக்க நிண்டு ஆற நேரமில்ல மச்சான். மெல்லமா ஓடினாத்தான் வடிவா ஆறும்," என்பார் அண்ணன்.

"ரேடியேற்றருக்க கனநேரம் நிண்டா எஞ்சினுக்கையும் கனநேரம் நிக்கும்தானே. அங்க கிடந்து கொதிக்காதா?" என்பார் இவர்.

"நீ வாய்க்காலப் பத்திக் கதை. கார எனக்கு விடு."

"ரெண்டுலயும் ஓடுறது தண்ணிதான் மச்சான். ஒரு சுத்துக்குக் கொஞ்சமாச் சூட்ட எடுத்தாலும் கன சுத்துச் சுத்தினா கூடத்தான் எடுக்கும். துளையப் பெருசாக்கு."

"பெருசாக்கினா மண்ணெண்ணெய் எரியாது. உன்ட வாயால ஊதி எரிப்பியா?"

சோறு போட்டு வைத்துக்கொண்டு நான் காத்திருப்பேன். குழம்பு ஆறிவிடும். ஒருநாள் பொறுக்க முடியாமல், "அந்தத் தகரத்த ரெண்டாக் கிழிச்சு ஆளுக்குப் பாதி தாறன், வந்து சாப்பிடுங்க," என்று கத்தினேன். வந்து சாப்பிட்டார்கள். சாப்பிட்டுக்கொண்டே தொடர்ந்தார்கள்.

இப்போது யோசித்தால் இரண்டு பேரும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்று தெரிகிறது. எஞ்சினை எப்படி ஆற்றுவது என்ற கேள்விக்கு என் கணவர் சொன்னது சரி. தண்ணீர் எவ்வளவு கூட ஓடுகிறதோ அவ்வளவு சூட்டை அள்ளிக்கொண்டு போகும். மண்ணெண்ணெய் எரிகிற அளவுக்கு எஞ்சினை எப்படிச் சூடாக வைத்திருப்பது என்பது அண்ணனின் கேள்வி. அதற்கு அவர் செய்த வேலை சரி, சொன்ன காரணந்தான் பிழை. இதை அப்போது யாராவது எடுத்துச் சொல்லியிருந்தாலும் அவர்கள் கேட்டிருக்கப் போவதில்லை. சண்டை அவர்களுக்கு இனித்தது.

முன் ஆசனத்தில் இருப்பவளுக்குப் பார்க்க அதிகம் எதுவும் இல்லை. வெளியே பார்த்தால் எரிந்த வீடுகள். சாவடியில் எங்கே பார்த்தாலும் பிழை. அதனால் நான் எஞ்சினின் சூட்டைக் காட்டும் முள்ளைப் பார்ப்பேன். தகரம் வைத்த பிறகு அந்த முள் நடுவைத் தாண்டிக் கொஞ்சம் மேலே போய் அங்கேயே நிற்கும். மண்ணெண்ணெயில் கார் வேகமாக ஓடாது, ஓட்டினால் எஞ்சினுக்குள் சுத்தியலால் தட்டுவதுபோலச் சத்தம் வரும். ஆகவே மாட்டு வண்டியை முந்தும் வேகத்தில்தான் போவோம். அந்த வேகத்துக்கு அந்தத் துளை போதும். இதையும் அப்போது யாரும் யோசிக்கவில்லை.

அண்ணனிடம் ஒரு கான் பெற்றோல் இருந்தது. எங்கிருந்து, எப்படி, எவ்வளவு காலமாகச் சேர்த்தார் என்று நான் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் சில விஷயங்களைக் கேட்காமல் இருப்பதுதான் உறவுக்கு நல்லது. கிணற்றடிக் கொட்டிலுக்குள் மண்ணில் புதைத்து வைத்திருந்தார். "ஆருக்கும் ஒண்டெண்டா அண்டைக்கு இது பறக்கும் பாருங்க," என்று சொல்லிக்கொள்வார். அந்தக் கானை நினைத்து எங்களுக்கும் உள்ளுக்குள் ஒரு தைரியம் இருந்தது.

சிறுபோகக் காலம். கச்சான் காற்று மேற்கிலிருந்து நெருப்பாக வீசிக்கொண்டிருந்தது. பின்னேரம் நான் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது என் கணவர் வயல் பக்கமிருந்து ஒருவரின் தோளைப் பிடித்தபடி நடந்து வந்தார். வாய்க்கால் கட்டில் புல்லை விலக்கி மடை திறக்கக் காலை வைத்திருக்கிறார். புடையன் கடித்துவிட்டது. பாம்பைக் கண்ணால் கண்டதால் சந்தேகத்துக்கு இடமில்லை. முழங்காலுக்குக் கீழே கால் வீங்கி மினுங்கியது. கடிவாயிலிருந்து வடிந்த இரத்தம் உறையவே இல்லை. அவரைக் கொண்டுவந்தவர், விசகடி வைத்தியரிடம் போவோம், நல்ல கைராசிக்காரர் என்றார். நான் அந்த மனிசனைப் பார்த்துக் கத்திய கத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அவர் எங்களுக்கு உதவி செய்தவர். பாவம், பேசாமல் போய்விட்டார்.

அண்ணன் ஓடிப்போய்க் கானைத் தோண்டி எடுத்தார். மண்ணெண்ணெயை வடித்துவிட்டுப் பெற்றோலை ஊற்றினார். நான் ஒரு பையில் துவாயும் சாரமும் புதுச் சவர்க்காரமும் சுடுதண்ணீர்ப் போத்தலும் எடுத்து வைத்தேன். என் கணவரைப் பின் ஆசனத்தில் காலை நீட்டிப் படுக்க வைத்தோம். இடம் போதாததால் நான் வழக்கம்போல முன்னால் ஏறினேன். சூரியன் மேற்கே நன்றாகச் சாய்ந்திருந்தது. கடைசிப் பாதையைப் பிடித்தால் ஆஸ்பத்திரி, விட்டால் விடிய வேண்டும். புடையன் கடித்தவரை விடியும்வரை வைத்திருந்தவர்கள் பிறகு என்ன செய்தார்கள் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

கார் பறந்தது. உண்மையாகவே பறந்தது. அத்தனை வருடமும் இருமிக்கொண்டு கிடந்த எஞ்சின் இளந்தாரிபோலப் பாய்ந்தது. புகை இல்லை, தட்டுகிற சத்தம் இல்லை. கிரவல் றோட்டில் கல் சிதற, கொக்கட்டிச்சோலைக் கோயிலடியைக் கடந்தோம். அண்ணனின் முகத்தில் அந்தக் கவலைக்குள்ளும் ஒரு பெருமை இருந்ததை நான் பார்த்தேன். பிறகு முள்ளைப் பார்த்தேன். வழக்கமான இடத்தைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது.

"அண்ணன், முள்ளு ஏறுது."

"பெற்றோல்தானே புள்ள. ஏறும், பிறகு இறங்கும்."

அது இறங்கவில்லை. முழு மூச்சாய் ஓடும் எஞ்சின் முழு மூச்சாய்ச் சூட்டை உண்டாக்கியது. அதை அள்ளிக்கொண்டு போக வேண்டிய தண்ணீரோ பால்ரின் தகரத்தின் துளையால் கசிந்துகொண்டிருந்தது. போதாக்குறைக்குக் கச்சான் காற்று எங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசியதால் முன்னாலிருந்து ரேடியேற்றரில் படும் காற்றும் குறைவு. மெல்லப் போகும் மண்ணெண்ணெய்க் காருக்காக அளந்து போட்ட துளை அது. பறக்கும் பெற்றோல் காருக்கு அது போதாது. காரை இப்படி மாற்றிக் கட்டி வைத்துவிட்டு, அவசரத்துக்கென்று பெற்றோலையும் சேர்த்து வைத்திருந்தோம். இரண்டும் ஒன்றுக்கொன்று ஆகாது என்பது அன்றைக்கு வரை யார் மூளையிலும் படவில்லை.

துறைக்கு இன்னும் நல்ல தூரம் இருக்கையில் பொனற்றின் இடுக்கெல்லாம் ஆவி சீறியது. அண்ணன் பதறி எஞ்சினை நிறுத்தினார். நிறுத்தியதும் ஓடிக்கொண்டிருந்த கொஞ்சத் தண்ணீரும் நின்றுவிட்டது. சூடு மட்டும் நிற்கவில்லை. உள்ளே கொதித்து, ரேடியேற்றர் மூடிக்குள்ளால் பீறி, றோட்டில் கொட்டியது. இரண்டு பக்கமும் வயல். ஒரு சனமில்லை, ஒரு வண்டியில்லை.

அண்ணன் கீழே இறங்கித் தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ, நான் என்ன செய்வன்," என்று றோட்டில் அங்கும் இங்கும் நடந்தார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. பாம்பின்மேல், பாதையின்மேல், பெற்றோலைத் தடுத்தவர்கள்மேல், அதைச் சேர்த்து வைத்தவர்மேல், எல்லார்மேலும் வந்தது. அதற்குக் கீழே பயம் இருந்தது. அந்த வயல்வெளியில் நான் விதவையாகிவிடுவேன் என்று தெளிவாக நினைத்தேன். அந்தச் சொல்லே மனதில் வந்தது.

பின் ஆசனத்திலிருந்து என் கணவரின் குரல் கேட்டது. பல் முரசிலிருந்து இரத்தம் கசிந்து பல்லெல்லாம் சிவந்திருந்தது.

"மச்சான், தகரத்தக் கழட்டு."

அண்ணன் நின்றார்.

"இண்டைக்கு மண்ணெண்ணெய் இல்லத்தானே. தகரம் தேவையில்ல. முழுசா ஓட விடு. கெதியாக் கழட்டு."

அவர்களுக்குள் அத்தனை வருடம் நடந்த வழக்கில் அவருடைய கடைசி வாதம் இதுதானோ என்று பயந்தேன். அண்ணன் ஸ்பனரை எடுத்துக்கொண்டு பொனற்றுக்குள் குனிந்தார். ஆறும்வரை பொறுக்க அவகாசமில்லை. நட்டுக்களைக் கழற்றி, தகரத்துக்கு மேலே பூட்டியிருந்த மூடியை நெம்பியபோது மிச்சமிருந்த கொதிதண்ணீர் பாய்ந்து அவருடைய இரண்டு கைகளிலும் கொட்டியது. "ஸ்" என்று ஒரு சத்தம் மட்டுந்தான் அவரிடமிருந்து வந்தது. கையை எடுக்கவில்லை. குறட்டால் தகரத்தைப் பிடித்து இழுத்து வயலுக்குள் எறிந்தார்.

மூடியின் கீழே இருந்த கடதாசிக் கேஸ்கட் கிழிந்து போயிருந்தது. அது இல்லாமல் பூட்டினால் தண்ணீர் ஒழுகிவிடும். என் பையிலிருந்த புதுச் சவர்க்காரத்தின் மட்டைப் பெட்டியைப் பிரித்தேன். அண்ணன் எப்படி வெட்ட வேண்டும் என்று சொல்லச் சொல்ல, காரில் கிடந்த அவருடைய சவர அலகால் நான் வெட்டினேன். ஒயில் பார்க்கும் கம்பியை இழுத்து, அதில் ஒட்டியிருந்த ஒயிலை மட்டையில் பூசி வைத்துப் பூட்டினோம். அண்ணனின் விரல்கள் மடங்கவில்லை, அதனால் கடைசி நட்டை நான் இறுக்கினேன். வாய்க்காலிலிருந்து தண்ணீர் மொண்டு வந்தேன்.

"மெல்ல மெல்ல ஊத்து புள்ள. ஒரேயடியா ஊத்தினா எஞ்சின் வெடிக்கும்," என்றார் அண்ணன்.

எஞ்சினைக் கிளப்பி மெதுவாகச் சுழல விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். ரேடியேற்றரின் வாய்க்குள் தண்ணீர் ஓடுவது தெரிந்தது. தகரம் இருந்தபோது அங்கே ஒரு அசைவு மட்டுந்தான் தெரியும். இப்போது மடை திறந்த மாதிரிப் புரண்டு ஓடியது. மூடியைப் போட்டுவிட்டு ஏறினோம். இந்த முறை நான் பின்னால் ஏறி அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டேன். அங்கிருந்து முள் தெரியாது. அண்ணன் மடங்காத விரல்களோடு உள்ளங்கைகளால் ஸ்டியரிங்கை அழுத்திப் பிடித்தபடி வேகத்தைக் கூட்டினார்.

"முள்ளு எங்க நிக்குது?" என்று கேட்டார் என் கணவர். கண் மூடியபடியே கேட்டார்.

"பாதிக்குக் கீழ மச்சான். பாதிக்குக் கீழ."

அவர் ஏதாவது நக்கலாகச் சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

துறையில் கடைசிப் பாதையின் கயிற்றை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். அண்ணன் ஹோர்னை அமத்திப் பிடித்தபடி இறக்கத்தில் காரை விட்டார். பாதைக்காரருக்கு அந்தக் காரைத் தெரியும், அது அந்த வேகத்தில் வராது என்பதும் தெரியும். ஏதோ நடந்துவிட்டது என்று விளங்கிக் கம்பை ஊன்றித் திருப்பினார்கள். பாதையில் எஞ்சினை நிறுத்த வேண்டும். வாவி அமைதியாக இருந்தது. என் கணவர் குமட்டிச் சத்தியெடுத்தார். நான் சேலைத் தலைப்பால் துடைத்தேன், இரத்தமும் சேர்ந்து வந்தது. அக்கரை கிட்ட வருகிற மாதிரியே இல்லை.

அக்கரையில் சாவடி. எல்லாரையும் இறங்கச் சொன்னான் ஆமிக்காரன். படுத்திருந்தவரையும் இறங்கச் சொன்னான். வழக்கமாக நான் அந்த இடத்தில் தலையைக் குனிந்து, அடையாள அட்டையை நீட்டி, காரில் இருக்கிற பெண்ணாக இருப்பேன். அன்றைக்கு அப்படி இருக்கவில்லை. கதவைத் திறந்து அவருடைய சாரத்தை முழங்காலுக்கு மேலே தூக்கி, "பாரு! நல்லாப் பாரு! இந்தக் காலோட உனக்கு முன்னால எழும்பி நிக்கோணுமா?" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவனுக்குத் தமிழ் தெரியாது. கால் தெரிந்தது. அது அப்போது கறுத்து, கொப்புளம் போட்டு, மனிதக் கால் மாதிரியே இல்லை. அவனும் ஏதோ ஒரு வயல் ஊரில் பிறந்தவனாகத்தான் இருக்க வேண்டும். பாம்பு என்பதற்குச் சிங்களத்தில் ஒரு சொல்லைச் சொல்லிப் பின்னால் நின்றவர்களைப் பார்த்துக் கத்தினான். றோட்டை மறித்திருந்த தடியைத் தூக்கிவிட்டார்கள். பொனற்றைத் திறக்கச் சொல்லவில்லை. அந்தச் சாவடியில் பொனற் திறக்காமல் நாங்கள் போனது அந்த ஒரு முறைதான்.

காத்தான்குடிக் கடைத்தெருவில் சனத்துக்குள்ளால் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனதும், ஆஸ்பத்திரி வாசலில் தள்ளுகட்டிலில் ஏற்றியதும் எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம் இருக்கிறது. விச முறிப்பு மருந்து ஏற்றினார்கள். குளிர்காய்ச்சல் வந்தவர்போல அவருக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. பிறகு அடங்கியது. அண்ணனின் கைகளுக்கு மருந்து போட்டு, மணிக்கட்டு வரை வெள்ளைத் துணியால் சுற்றிவிட்டார்கள்.

அடுத்த நாள் காலையில் டொக்டர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். இரத்தம் உறையத் தொடங்கிவிட்டது, அது நல்லது. ஆனால் புடையனின் விசம் சிறுநீரகத்தைப் பிடிக்கும். வந்ததிலிருந்து இவருக்குச் சலம், அதாவது சிறுநீர், போகவில்லை. சேலைன் ஏறுகிறது, உள்ளே போகிற தண்ணீர் வெளியே வர வேண்டும்.

"வராட்டி?" என்று கேட்டேன்.

"பாப்பம் அம்மா. சலம் போனா உடன வந்து சொல்லுங்க. எவ்வளவு கொஞ்சமெண்டாலும் சொல்லுங்க."

கட்டிலுக்குக் கீழே ஒரு போத்தலை வைத்துவிட்டுப் போனார்கள். நான் அந்தப் போத்தலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அவருடைய முகம் ஊதிப்போயிருந்தது. கூப்பிட்டால் கண்ணைத் திறப்பார், பிறகு மூடுவார். பார்வை நேரம் முடிந்ததும் அண்ணனை வெளியே அனுப்பிவிட்டார்கள். மேல்மாடி விறாந்தையிலிருந்து பார்த்தால் கேற்றுக்கு வெளியே மரத்தடியில் அவர் நிற்பது தெரிந்தது. கைக்கட்டோடு, ஒன்றையும் பிடிக்க முடியாமல், மேலே பார்த்தபடி நின்றார். நான் எட்டிப் பார்க்கும் ஒவ்வொரு தரமும் தலையை அசைத்து என்ன என்று கேட்பார். நான் இல்லை என்று தலையை ஆட்டுவேன். மத்தியானமும் இல்லை. பின்னேரமும் இல்லை. தாதி வந்து அவருடைய வயிற்றை அமத்திப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பாராமல் போனாள். சாப்பாடு வாங்கித் தந்த பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி என் தோளைத் தடவினாள். அந்தத் தடவல் எனக்குப் பிடிக்கவில்லை. செத்தவீட்டில் தடவுவதுபோல இருந்தது.

மறுநாள் விடிந்து வெயில் ஏறியபோது அவர் என் கையைத் தட்டினார். உதடு அசைந்தது. குனிந்து கேட்டேன். போத்தலை எடு என்றார். எடுத்துப் பிடித்தேன். கனநேரம் ஒன்றும் இல்லை. அவருடைய நெற்றி வியர்த்தது. பிறகு போத்தலின் அடியில் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. நின்றது. திரும்பவும் கேட்டது. கறுத்த தேயிலைச் சாயம் மாதிரி, ஒரு சிரட்டைகூட நிரம்பாத அளவு. ஆனால் வந்தது. வந்துகொண்டே இருந்தது.

டொக்டரைத் தேடிப் போக வேண்டியவள் நான். கால் விறாந்தைப் பக்கம் ஓடியது. கீழே பார்வை நேரத்துக்குக் காத்திருந்த சனம் கேற்றை நிறைத்திருந்தது. மரத்தடியில் அண்ணன் நின்றார். நான் அந்தப் போத்தலை வெயிலில் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக் கத்தினேன்.

"அண்ணன்! போயிட்டுது! சலம் போயிட்டுது!"

கேற்றில் நின்ற சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. யாரோ சிரித்தார்கள். எனக்கு வெட்கமாக இருக்கவில்லை, போத்தலை இறக்கவும் இல்லை. அண்ணன் அப்படியே மண்ணில் குந்தினார். கட்டுப்போட்ட இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, அவ்வளவு பேருக்கும் நடுவில், சத்தம் போட்டு அழுதார்.